நல்ல சொட்டு, கெட்ட சொட்டு

துபாயில் எனக்குத் தெரிந்தவர்களில், பயப்படுவதற்காகவே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் டேஞ்சர் அண்ணன்தான். மற்றவர்கள் எல்லோரும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினோம். பயப்படுவதை ஓய்வு நேரத்தில், சொந்தப் பொறுப்பில் செய்துகொண்டோம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய லேபர் கார்டில் இருந்தது. கராமாவில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த பேச்சிலர் அறையில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. அல் குசைஸில் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் அவர் மெக்கானிக். மின்பெட்டிகளில் ஒட்டுவதற்காக அந்தக் கடையில் மஞ்சள் ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நடுவில் மண்டையோடு, கீழே 'டேஞ்சர்' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும். அவற்றை அவர் அறைக்குக் கொண்டுவந்து ஒட்டத் தொடங்கினார். காஸ் அடுப்பில் ஒட்டினார், சரி. இஸ்திரிப் பெட்டியில் ஒட்டினார், அதுவும் சரி. சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டியபோது அன்றைக்குச் சமைத்தவர் இரண்டு நாள் பேசவில்லை.

எனக்குக் கட்டிலின் மேல்தட்டு, அவருக்குக் கீழ்த்தட்டு. ஒருநாள் வேலையிலிருந்து திரும்பினால் என் தட்டின் அடிப்பக்கத்தில் மண்டையோடு சிரிக்கிறது.

"நான் என்னண்ணே பண்ணுனேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல தம்பி. கட்டில் போல்ட்டு லூசா இருக்கு. ஒரு அறிவிப்பு இருக்கட்டும்."

"யாருக்கு அறிவிப்பு?"

"கீழ படுக்கிறவனுக்கு."

"கீழ படுக்கிறது நீங்கதானே?"

"அதான். நான் ஜாக்கிரதையா இருக்கணும்ல."

போல்ட்டை முறுக்கிவிடலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முறுக்கும்போது மேல்தட்டு தலையில் விழ வாய்ப்பிருப்பதைச் சொல்லியிருப்பார்.

அவருடைய பயங்களில் தலையாயது உயரம். ஏசி மெக்கானிக்குக்கு இது சிரமம்தான். ஏசியின் வெளிப்பெட்டிகள் மொட்டை மாடியில் இருக்கும், அல்லது சுவரில் தொங்கும். யாரும் அவற்றைத் தரையில் வைப்பதில்லை. ஒருமுறை நான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே இறங்கி ஒரு பெட்டியைச் சரிபார்த்தவர், அதை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். பழுது தீர்ந்தது. வீட்டுக்குள் குளிர்காற்று வந்தது. வீட்டுக்காரர் நன்றி சொன்னார். அண்ணன் மட்டும் உள்ளே வரவில்லை. கூட வந்தவர்கள் ஜன்னல் வழியாக டீ நீட்டினார்கள். வாங்குவதற்கு ஒரு கையை விட வேண்டியிருந்ததால் டீ வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் விசாவுக்குச் சொந்தக்காரரான கஃபீலே நேரில் வந்து, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். பெல்ட் மாட்டி இழுத்தவர்கள், பெட்டியும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது என்று சொன்னார்கள்.

கஃபீல் நல்ல மனிதர். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. மறுநாள் டேஞ்சர் அண்ணனைக் கூப்பிட்டு, இனி மாடி வேண்டாம் என்றார். கஃபீலின் காலஞ்சென்ற தகப்பனார் ஓட்டிய ஒரு பழைய மரப்படகு, நகருக்கு நடுவே ஓடும் க்ரீக்கின் உள்பக்கம், படகுகளைச் செப்பனிடும் மைதானத்தில் பல காலமாகக் கரையேறிக் கிடந்தது. அதைத் தண்ணீரில் இறக்கிக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை போய்வர வேண்டும். ஏசியிலும் பைப் இருக்கிறது, படகிலும் பைப் இருக்கிறது. ஏசியிலும் தண்ணீர் ஒழுகுகிறது, படகிலும் ஒழுகுகிறது. ஆகவே ஆள் கிடைத்துவிட்டது.

"போட் சீதா, தும் இதர்" என்றார் கஃபீல். படகு ஒழுங்கானால் நீ இங்கே. "போட் கராப், தும் கலாஸ்." படகு கெட்டால் உன் கதை முடிந்தது. முடிவது எப்படி என்பதையும் காட்டினார். உள்ளங்கையை விரித்து, மேசையிலிருந்து விமானம்போல மெல்ல மேலே கிளப்பி, ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தக் கை போன உயரத்தைப் பார்த்தே அண்ணனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஊரில் அவருடைய மகள் பிளஸ் டூவில் இருந்தாள். அவள் காலேஜில் சேர்வதற்குள் தகப்பன் பெட்டியோடு திரும்பிவிட்டால் காலேஜ் இல்லை. வீட்டில் அது பேசி முடித்த விஷயம்.

"மேல ஏறுனா விழுந்து சாகணும். கீழ இறங்குனா முங்கிச் சாகணும்" என்றார் அன்று சாயங்காலம், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு. "இந்த ஊர்ல தரையில ஒரு வேலையும் இல்லையா தம்பி?"

"நீச்சல் தெரியாதாண்ணே?"

"விருதுநகர் பக்கம் தம்பி நாங்க. எங்க ஊர்ல தண்ணி குடத்துல வரும். அதுவும் முக்காக் குடம். அதுல எங்கிட்டு நீச்சல் பழக?"

அப்போதுதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கத் தவறினேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு நீச்சலைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சோற்றுக் கையை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்த பார்வை, பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாப் பொருத்தமும் கூடிவிட்டதைப் போல இருந்தது. நான் ஒரு பத்திரிகையில் விளம்பரப் பக்கங்களுக்கு எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றோடு என் வெள்ளிக்கிழமைகள் கைமாறின.

மைதானத்துக்குப் போன முதல் நாளே அவர் ஒரு நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார். ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினார். படகு மணலில், முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"எதுக்குண்ணே இது?"

"நீங்க மெதந்தா நானும் மெதப்பேன்."

"நான் முங்குனா?"

"அப்பக் கூட ஒரு ஆள் இருக்கும்ல."

படகைக் கரீம் பாய் காட்டினார். சிட்டகாங்காரர், மருதாணி போட்ட தாடி. கஃபீலின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தப் படகை ஓட்டியவர். எதற்கும் பயப்படாதவர் என்பதால் டேஞ்சர் அண்ணனுக்கு அவரைக் கண்டாலே பயம். நாங்கள் படகுக்குள் இறங்கி நின்றோம். பலகைகள் காய்ந்து சுருங்கி, இடுக்கு ஒவ்வொன்றிலும் வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, வெளிச்சம் வர்ற வழியா தண்ணி வராதா?"

"வரும்ணே."

"நான் இப்பவே ஊருக்குப் போறேன்னு சொல்லிருங்க."

போகவில்லை. எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை இடுக்கில் வைத்து உளியால் உள்ளே தட்டி அடைக்கும் வேலையைக் கரீம் பாய் செய்து காட்டினார். அண்ணன் ஒரு பக்கம் பாதி வரை தட்டினார். சுத்தியல் சத்தத்தில் படகு பிளந்துவிடும் என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. கரீம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஏசிக் குழாய்களில் சுற்றுகிற வெள்ளி நிற டேப்பை எடுத்து மிச்சமிருந்த இடுக்கு முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டார். படகு தகதகவென்று மின்னியது. பக்கத்துப் படகுகளில் வேலை செய்தவர்கள் கண்ணுக்குக் கை மறைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். கரீம் பாய் திரும்பிவந்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஒட்டிய இடத்தைத் தடவினார்.

"பாய், யே போட் ஹை யா பிரியாணி கா பார்சல்?" என்றார். இது படகா, பிரியாணிப் பொட்டலமா?

டேப்பை உரித்தெடுக்க இரண்டு வெள்ளிக்கிழமை ஆயிற்று.

பிறகு படகைத் தண்ணீரில் இறக்கிய நாள். திரி அடைத்து, எண்ணெய் பூசி, எல்லாம் சரியாகச் செய்தபிறகும் தண்ணீர் உள்ளே வந்தது. ஓரிடத்தில் வந்தால் விரலை வைக்கலாம். அது நாலா பக்கமும், வியர்வைபோல வந்தது. கயிறு கட்டிய நிலையில் அண்ணன் வாளியால் இறைத்தார். கயிறு கட்டியிருந்ததால் அவர் குனியும்போதெல்லாம் நானும் குனிந்தேன். கரீம் பாய் மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மரம் காய்ந்திருக்கிறது, தாகம், குடிக்க விடு, குடித்து ஊதினால் தானே இடுக்கு மூடும் என்பது அவர் இந்தியில் சொன்னதன் சுருக்கம்.

"அதுக்குத் தாகம் அடங்குற வரைக்கும் நாம உசுரோட இருக்கணுமே பாய்" என்றார் அண்ணன் தமிழில்.

"தீரே தீரே" என்றார் கரீம் பாய். மெதுவாக, மெதுவாக.

மறுநாள் வேலை முடிந்து போய்ப் பார்த்தபோது மரம் குடித்து முடித்திருந்தது. உள்ளே ஈரம் மட்டும்தான். அண்ணன் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏமாத்துது" என்றார்.

இதையெல்லாம்விட அவரை நிலைகுலைய வைத்தது ஒரு சொட்டு. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் பின்பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போய் விசிறியைச் சுழற்றும். துளையும் தண்டும் சேருமிடத்தில் கயிறுபோல ஒரு பொருளைச் சுற்றி, நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அங்கே தண்ணீர் சொட்டு சொட்டாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் ஸ்பேனரை எடுத்துச் சொட்டே இல்லாதபடி இறுக்கிவிட்டு, பல மாதங்களில் முதல் தடவையாகச் சிரித்தார். எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் புகைந்தது. கரீம் பாய் தாவி இறங்கி எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சொட்டு விழ வேண்டும், விழுந்தால்தான் தண்டு சூடாகாது, நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும் என்று விளக்கினார். எரிச்சலில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் புலம்பினார்.

"இத்தனை வருசமா சொட்டுற சத்தம் கேட்டா ஓடிப்போய் நிப்பாட்டுறதுதான் தம்பி என் தொழிலு. இந்தாளு சொட்டலேன்னா பயப்படுங்கிறாரு. பயத்தையே தலைகீழாப் புடிக்கச் சொன்னா எப்புடி?"

ஆனால் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் படகின் பாகங்களை நல்ல சொட்டு, கெட்ட சொட்டு என்று பிரித்தார். கெட்ட சொட்டு விழக்கூடிய இடங்களிலெல்லாம் மண்டையோட்டு ஸ்டிக்கர். கிட்டத்தட்ட படகு முழுவதும் அதுதான். நல்ல சொட்டுக்குக் கடையில் ஸ்டிக்கர் கிடையாது. ஆகவே தண்டுக்கு மேலே அதே மண்டையோட்டைத் தலைகீழாக ஒட்டினார். தலைகீழாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் படகிலேயே தலைகீழ் மண்டையோடு வாங்கியது அந்தத் தண்டு மட்டும்தான்.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு ஓடும்போது கரீம் பாய் மேலே சுக்கானில் இருப்பார். அண்ணன் கீழே எஞ்சின் குழியில். மேலேயிருந்து கரீம் பாய், "மாய்?" என்று கேட்பார். மாய் என்றால் அரபியில் தண்ணீர். படகின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று கேள்வி. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாஃபி மாய்" என்பார். தண்ணீர் இல்லை.

"மாய்னா நம்ம ஊர்ல சாகுறது. இவங்களுக்குத் தண்ணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க. மாஃபி மாய்னா என்ன, மாய மாட்டோம்."

அதற்குப்பின் அவர் அதைக் கேள்விக்குப் பதிலாக மட்டும் சொல்லவில்லை. முன்பு முருகா, முருகா என்று முணுமுணுத்த இடத்திலெல்லாம் மாஃபி மாய், மாஃபி மாய் என்றார். பஸ் திடீரென்று பிரேக் போட்டால்கூட அதுதான்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். படகின் பின்புறத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு குழாய் உண்டு. எஞ்சினைக் குளிர வைத்த தண்ணீரை அது வெளியே துப்பும். "அது துப்புற வரைக்கும் எஞ்சின் உசுரோட இருக்கு தம்பி. துப்பலேன்னா உடனே சொல்லுங்க." என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்த அந்த மனிதர் பயப்படாமல் விட்டுவிட்ட ஒரே இடம் அதுதான்.

குளிர்காலம் வந்தது. குறித்த வெள்ளிக்கிழமை காலையில் கஃபீல், மனைவி, மூன்று பிள்ளைகளோடு வந்தார். ஐஸ் பெட்டி, பேரீச்சம்பழம், மூடிபோட்ட பெரிய சோற்றுத் தாம்பாளம். அண்ணன் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். கஃபீலுக்கு அது பத்தவில்லை. சும்மா தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கும் அண்ணனுக்கும் நடுவே இப்போது நீளமான கயிறு. அவர் இடுப்பிலிருந்து எஞ்சின் குழியின் வாய் வழியாக மேலே வந்து, பின்புறத்தில் நின்ற என் இடுப்பில் முடிந்தது.

தேரா கரையை ஒட்டிப் போனோம். சரக்கு லாஞ்சுகள் என்று சொல்லப்படும் பெரிய மரக்கலங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் டயர்களும் ஃபிரிட்ஜுகளும் ஏறிக்கொண்டிருந்தன. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் அப்ராக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. கஃபீல் தன் தகப்பனார் எந்த இடத்தில் படகைக் கட்டுவார் என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது குழாயைப் பார்த்தேன். துப்பவில்லை. ஒரு மாதிரி கனைத்தது. பிறகு வெறும் ஆவி வந்தது.

நான் குழியை நோக்கிக் கத்தினேன். பல வாரங்களாக அந்தப் படகில் தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசிய சொல்தான் வாயில் வந்தது.

"அண்ணே, மாஃபி மாய்."

"ரொம்பச் சந்தோசம் தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மாஃபி மாய், மாஃபி மாய்."

"தெரியுது தம்பி. இங்கயும் காஞ்சுதான் கெடக்கு."

சுக்கானிலிருந்து கரீம் பாய் திரும்பிப் பார்த்து, அடித்தட்டு காய்ந்திருப்பதற்காக எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கஃபீல் அதற்குள் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, இரக்கத்தோடு என் கையில் கொடுத்து, "இஷ்ரப்" என்றார். குடி. ஒரே சொல்லை நான்கு பேர் மூன்று விதமாக எடுத்துக்கொண்டோம். அதில் மூன்று பேருக்கு எல்லாம் நலம். நான் குளிர்ந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரிந்த ரப்பரின் வாடை வந்தது. பின்புறக் குழாயிலிருந்து புகை வந்தது. கரீம் பாய் எஞ்சினை நிறுத்தினார்.

எஞ்சின் நின்றபின் படகு எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது. நீரோட்டம் எங்களைக் கரையிலிருந்து நடுவுக்கு இழுத்தது. வரிசையிலிருந்து ஒரு சரக்கு லாஞ்ச் அப்போதுதான் கழன்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பு எங்கள் கூரையைவிட உயரம். மேலே அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் அதை ஓட்டுகிறவரின் தலை தெரியவில்லை. எங்களுக்கு அவர் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாங்கள் தெரியமாட்டோம். கரீம் பாய் சங்கு ஊதும் பித்தானை அழுத்தினார். எங்கள் படகில் வேலை செய்யாத பொருள்களில் அதுவும் ஒன்று. கஃபீலின் மனைவி கடைசிப் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கஃபீல் தகப்பனாரைப் பற்றிய பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கை மட்டும், பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல், லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளை இழுத்து மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எட்டவில்லை.

அந்த நிமிடம் வரை டேஞ்சர் அண்ணனின் பயம் எங்கள் அறைக்கு வேடிக்கை. என் இடுப்பிலிருந்த முடிச்சை நான் முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன்.

குழியிலிருந்து அவருடைய தலை வெளியே வந்தது.

"எஞ்சினை எதுக்கு நிப்பாட்டுனாரு? மாஃபி மாய்னீங்களே?"

"குழாயில தண்ணி வரலண்ணே. அதைத்தான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். வந்துகொண்டிருந்த லாஞ்சைப் பார்த்தார்.

"தமிழ்லயே சொல்லியிருக்கலாமே தம்பி."

உள்ளே போனார். நானும் கயிறு இழுத்த வேகத்தில் பின்னாலேயே இறங்கினேன். தண்ணீரை உள்ளே இழுக்கும் வால்வை மூடினார். வடிகட்டியைத் திறந்தார். அதில் ஒன்றுமில்லை. ஏசியில் காற்று வராவிட்டால் முதலில் பார்ப்பது அடைப்பைத்தான். அந்தப் பழக்கத்தில் கை தானே வேலை செய்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோபோல வெளுத்திருந்தது. அடைப்பு இன்னும் கீழே, படகின் அடிப்பலகையைத் துளைத்துப் போகும் குழாயில். ரப்பர் குழாயைக் கழற்றி, வால்வைத் திறந்து, உள்ளே கம்பி விட்டுக் குத்த வேண்டும். அதாவது க்ரீக்கைத் தன் கையால் படகுக்குள் திறந்துவிட வேண்டும்.

"தம்பி, இதைத் தொறந்தா தண்ணி உள்ள வரும்."

"ஆமாண்ணே."

"தொறக்கலேன்னா அந்த லாஞ்சு உள்ள வரும்."

"ஆமாண்ணே."

மேலே கரீம் பாய் நீண்ட கழியைத் தண்ணீரில் ஊன்றிப் பார்ப்பதும், தரை எட்டாமல் அது உள்ளே போவதும் கேட்டது. அண்ணன் தன் பையிலிருந்து, ஏசிக் குழாயில் அடைப்பெடுக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பியை எடுத்தார். ரப்பர் குழாயைக் கழற்றினார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"அதை எதுக்குண்ணே அவுக்குறீங்க?"

"இடைஞ்சலா இருக்கு."

கயிறு தொய்ந்து, தரையில் ஓரமாகக் கிடந்தது. அவிழ்ப்பதற்கு முன்பும் அது எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"மேல போய்ப் பிள்ளைங்ககிட்ட நில்லுங்க. நீச்சல் தெரிஞ்ச ஆளுக்கு இங்கிட்டு என்ன வேலை?"

நான் குழியின் வாய் வரைக்கும் ஏறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திறந்தார். தண்ணீர் அவருடைய நெஞ்சில் அறைந்தது. கம்பியை உள்ளே செலுத்தியபடி அவர் கத்தினார். "மாய், மாய், மாய்." அரபியில் கத்தினாரா தமிழில் கத்தினாரா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மேலே கஃபீலின் கடைசிப் பிள்ளை, தனக்குத் தெரிந்த சொல் வந்துவிட்ட மகிழ்ச்சியில், "மாய், மாய்" என்று கைதட்டியது.

கம்பி ஏதோ ஒன்றைத் தள்ளியது. படகுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, மளிகைக் கடைகளில் கொடுக்கிற சாதாரணப் பை, மேலே வந்து மிதந்தது. கீழே வால்வு மூடும் சத்தம். ரப்பர் குழாய் மாட்டும் சத்தம், வால்வு மறுபடி திறக்கும் சத்தம். "சலாவ் பாய்" என்ற அலறல். கரீம் பாய் எஞ்சினைப் போட்டார். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. பின்புறக் குழாய் கறுப்பாக ஒருமுறை கக்கிவிட்டுத் தண்ணீரைத் துப்பத் தொடங்கியது. படகு ஒதுங்கியது. லாஞ்சின் முகப்பு எங்கள் மேல் நிழலைப் போட்டுவிட்டுக் கடந்துபோனது. அதன் மேல்தட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் பிள்ளைகளைப் பார்த்துக் கையாட்டினார். அதன் அலையில் சோற்றுத் தாம்பாளம் ஒரு பக்கமாக வழுக்கியது. கஃபீல் ஒரு காலால் அதைத் தடுத்தார்.

எந்தச் சொல்லில் சொல்வதென்று தெரியாமல் நான் கத்தினேன். "அண்ணே, தண்ணி வருதுண்ணே. குழாயில. வெளிய போகுது. நல்ல தண்ணி."



கஃபீல் எழுந்துவந்து குழிக்கு மேலே குனிந்தார். அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். தலையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பி இன்னும் கையில் இருந்தது.

"மாய்?" என்று கேட்டார் கஃபீல்.

அண்ணன் கீழே, தன் காலைச் சுற்றி அசைந்த தண்ணீரைப் பார்த்தார். காலேஜில் சேர வேண்டிய மகளையும் அந்த நேரத்தில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து, முதலாளியைப் பார்த்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"மாஃபி மாய், அர்பாப்."

கஃபீல் தண்ணீரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு உள்ளங்கையை விரித்தார். நானும் கரீம் பாயும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலே கிளம்பவில்லை. தகப்பனாரின் படகுப் பலகையில் இறங்கி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அங்கேயே இருந்தது.

சோறு நன்றாக இருந்தது. ஈரத்தோடு உட்கார்ந்து அண்ணனும் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருமுறை குழாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படகு அதற்குப் பிறகு சில குளிர்காலங்கள் ஓடியது. அண்ணனின் மகள் காலேஜில் சேர்ந்த செய்தி வந்த அன்று, கராமாவில் எங்கள் கட்டிடம் முழுவதற்கும் லட்டு கொடுத்தார். பூந்தி தொண்டையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறகு கஃபீல் படகைக் கரையேற்றி, தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மெத்தை போட்டு, விருந்தாளிகள் உட்காரும் இடமாக்கி, உள்ளே ஏசி வைத்தார். அந்த ஏசிக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே ஆள் போதுமானதாக இருந்தது. நான் பார்க்கப் போனபோது அண்ணன் வாளியோடு நின்று, பலகைகள் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க என்னண்ணே பயம்? சுத்திலும் மணல்தானே?"

"அதான் தம்பி பயமா இருக்கு. மரம் காஞ்சா இடுக்கு விடும். நாளைக்கே மழை பேஞ்சா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். துபாய் வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

நான் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது என் பெட்டியை அவர்தான் கட்டினார். பூட்டு, அதற்கு மேல் டேப், அதற்கு மேல் அந்த நைலான் கயிறு. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என்னை வரிசையிலிருந்து தனியாகக் கூப்பிட்டார். பெட்டியின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். மஞ்சள் ஸ்டிக்கர். மண்டையோடு.

"என்ன சார் இது, டேஞ்சர்னு போட்டிருக்கு?"

அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து பார்த்தேன்.

"தலைகீழாத்தான் சார் ஒட்டியிருக்கு" என்றேன்.

அதனால் என்ன என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் அந்த மனிதர் பயப்பட வேண்டாம் என்று முத்திரை குத்திக் கொடுத்தது, சொட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தண்டுக்கு, அப்புறம் எனக்கு.